பழுதாகாத லொறி

என் மகளின் உம்மாவுக்கு ஸலாம்.

வெளிநாட்டில் ஓட்ட எந்த லொறி நல்லது என்று உன் தம்பி றிப்ஷான் கேட்டானாம். போனில் பேசும்போது முதலாளியின் ஆள் பக்கத்திலேயே நிற்பான். அதனால் ஊருக்கு வரும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஜப்பான் லொறிக்குக் கொஞ்ச டீசல் போதும். ஆனால் தூர ஓட்டத்தில் முதுகு முறிந்துவிடும். நான் ஓட்டும் ஐரோப்பா லொறியில் கட்டிலும் ஏசியும் உண்டு. சமையலும் தூக்கமும் அதற்குள்தான். இறங்கவே தேவையில்லை.

வந்த நாள் முதல் அது ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. லீவு கேட்டால், "லொறிக்கே களைப்பில்லை, உனக்கென்ன?" என்று முதலாளி சிரிக்கிறான். என் பாஸ்போர்ட் அவனுடைய அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

ஏறாவூர் மில்லில் நான் ஓட்டிய பழைய லொறி ஞாபகமா? அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டால் புணானைக் காட்டிலேயே நின்றுவிடும். உதிரிச் சாமான் வந்து சேரும்வரை நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன். "அந்தச் சனியன் திரும்பவும் படுத்துட்டுதா?" என்று ஏசிக்கொண்டே நீ சோறு போடுவாய்.

ஏஜென்சியில் கொடுத்த தன் பாஸ்போர்ட்டை உடனே திருப்பி வாங்கும்படி றிப்ஷானிடம் சொல். அந்தச் சனியன் இன்னும் மில்லில் கிடந்தால், தம்பி அதையே ஓட்டட்டும்.

இப்படிக்கு,
மகளின் வாப்பா