நவம்பரில் காலாவதியாகும் அட்டை

அக்டோபர் 16

அன்புள்ள டாமினிக்,

நான் எழுதுவது உனக்கு வியப்பாக இருக்கும், தொந்தரவாகவும் இருக்கலாம், அதற்கு முதலில் மன்னித்துக்கொள். முறைப்படி உனக்கு நான் சித்தி, வயதில் ஆறே வருடம் மூத்தவள். உன் அப்பாவை நான் கட்டிக்கொண்ட இந்த நான்கு வருடத்தில் போனில் உன்னிடம் நான் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் “இரு, அப்பாகிட்ட குடுக்கிறேன்” என்ற ஒரே வாக்கியம்தான் தேறும். பேச வராதது எனக்கு எழுத்தில் கொஞ்சம் வரும், அதனால்தான் இந்தத் தாள். இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் பாதங்களை மட்டும் அதில் சேர்க்க முடியாது. அங்கே ஒரெகானில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கூரை வேலைக்கு மழையில் மேலே ஏறாமல், நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

ஊரில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு பெர்னி புதிதாக ஒரு நாய் வாங்கியிருக்கிறார், அது அவரைப் பார்த்தால் குரைக்கிறது, அப்பாவைப் பார்த்தால் வாலாட்டுகிறது, பெர்னிக்கு அதில் வருத்தம். தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமைகளில் உருளைக்கிழங்கு அடை போட்டு விற்கிறோம், துருவுகிற வேலை எனக்கு, பேச வேண்டியதில்லை என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் அறையில் ஒழுகிக்கொண்டிருந்த மூலையை அப்பா அடைத்துவிட்டார். அப்போது உன் பெட்டிகளை நகர்த்த வேண்டியிருந்தது, நகர்த்தினேன், எதையும் திறக்கவில்லை.

அப்பாவின் அட்டையைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து அவர் குடலைக் காப்பாற்றிவிட்டுப் பாதங்களில் தங்கிவிட்டது. கரியடுப்பிலிருந்து அப்போதுதான் கொட்டிய சாம்பலில் வெறுங்காலோடு நிற்பதுபோல் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார், பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டால் நாற்காலியிலேயே தலை தொங்கிவிடும், கையில் பிடித்த கரண்டியில் சூப் ஆறிப்போயிருக்கும். அதற்குப் பிறகுதான் மருத்துவக் கஞ்சாவுக்கு அட்டை எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் வீட்டில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான், என் அம்மா சட்டை ஆலையில் காலர் தைத்தவள், ஆகவே சொந்தக்காரர் எல்லாருடைய விண்ணப்பமும் என் மேசைக்குத்தான் வரும், இதுவும் வந்தது. ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரி எழுத்து மாறாமல் அதிலும் இருக்க வேண்டுமாம், அவர் உரிமத்தில் பழைய வீட்டு எண் இருந்ததால் முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைச் சரி செய்து, கிளினிக்கில் நாள் வாங்கிப் போனோம். மூடிப்போன செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது அது. டாக்டர் அங்கே இல்லை, திரையில் வருவார். அப்பா டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். காத்திருக்கும் அறையில் ஒன்பது பேர், ஒன்பது பேரும் தெரிந்தவர்கள், ஒருவர்கூட யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. உனக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த மிஸ் பெட்ருஸ்கி மீன்பிடிப் பத்திரிகை ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், அவர் வாழ்நாளில் மீன் பிடித்ததில்லை. அடுத்த சனிக்கிழமை என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு துருவிக்கொண்டே, “சொட்டு மருந்து வாங்காதே, வாயெல்லாம் வைக்கோல் மாதிரி ஆயிடும், மாத்திரையே வாங்கிக் குடு” என்று மெல்லச் சொன்னார். அதையே வாங்கினோம். ஒரு வாரத்தில் அப்பா படியிறங்கி வந்து தானே காபி போட்டார். பெர்னி, “என்னடா லென், போதையில மிதக்கிறியா?” என்று கேட்டதற்கு, “மிதக்கல. நடக்கிறேன்” என்றார். நீ அப்போது போனில், “எங்க ஊர்ல தக்காளி மாதிரி கடையில விக்குதுப்பா, எதுக்கு கார்டு, டாக்டர் எல்லாம்?” என்று சொன்னது நினைவிருக்கிறதா. உன்னிடம் அவர் சிரிக்கவில்லை, ஆனால் அதை பெர்னியிடம் மூன்று தடவை சொல்லிச் சிரித்தார்.

சிக்கல் அட்டையில் இல்லை, துப்பாக்கியில் இருக்கிறது. அட்டை கொடுக்கும்போதே கிளினிக்கில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள், மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டப்படி கஞ்சா எடுப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. மற்றவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். அப்பா இரண்டு தடவை படித்தார். அன்று மாலையே உன் தாத்தாவின் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி பெர்னியின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை பெர்னியிடமே விட்டுவிட்டு வந்தார். பெர்னி, “ஊர்ல அத்தனை பேரும் ரெண்டையும் வச்சுக்கிட்டு கமுக்கமா இருக்கான், நீ மட்டும் ஏன்டா போப்பாண்டவர் மாதிரி நடந்துக்கிற?” என்றார். அப்பா சொன்ன பதில், “அத்தனை பேரும் என்கிட்ட படிச்சவனுங்கடா, அதனாலதான்.” தீயணைப்பு நிலையக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் அவர் நடத்திய துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன்தான்.

பிறகு அவர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். போன வருடம் நவம்பரில் அட்டை காலாவதியாகும்போது புதுப்பிக்கவில்லை. மீதி மாத்திரைகளைக் காபிச் சக்கையில் கலந்து கொட்டினார், பெர்னி வீட்டுக்குப் போய் துப்பாக்கியை எடுத்து வந்தார். மான் வேட்டை சீசன் முடிந்ததும் அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஜனவரியில் மறுபடி அட்டை வாங்கினார். அட்டை செத்தால் ஆள் சுத்தம் என்பது அவர் முடிவு. நானும் தேடிப் படித்துப் பார்த்தேன், அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை, அதை அவரிடம் சொல்லவும் இல்லை. ஜனவரியில் திரையில் வந்த டாக்டரிடம், “பத்து மாசத்துக்கு மட்டும் எழுதுங்க” என்றார். டாக்டர், “எல்லாரும் முழு வருஷம் கேப்பாங்க, உங்களுக்கு ஏன் பத்து மாசம்?” என்று கேட்டதற்கு, “நவம்பர்ல எனக்கு வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டார். கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருக்கும் ராக்சான் அன்றிலிருந்து அவருக்கு மான்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள். இப்போது அவர் அட்டை நவம்பர் மூன்றாம் தேதியோடு முடிகிறது.

போன வருடம் சீசன் தொடங்கிய சனிக்கிழமை நடந்ததை நீ அறியமாட்டாய். சொல்லக் கூடாது என்று என்னிடமும் பெர்னியிடமும் வாக்கு வாங்கினார், நான் இப்போது அதை மீறுகிறேன். மருந்து நின்று நான்கு வாரம் ஆகியிருந்தது. அந்த நான்கு வாரமும் அவர் செருப்பைக்கூடப் போட முடியாமல், படுக்கைக்கும் நாற்காலிக்கும் நடுவில் சுவரைப் பிடித்து நடந்தார், என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை, வேறு சொல்லும் அதிகம் சொல்லவில்லை. விடியும் முன்பே கிளம்பிவிட்டார். மதியம் மூன்று மணி வரை வரவில்லை, பெர்னியும் நானும் தேடிப் போனோம். கைவிட்ட நிலக்கரிக் குழிகளுக்கு அப்பால், மரத்தில் கட்டிய வேட்டைப் பரணுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தார். தோட்டாக்களை வெளியே எடுத்து ஒரு மரக்கட்டை மேல் வரிசையாக வைத்திருந்தார். பெர்னி பயத்தை மறைத்துக்கொண்டு, “என்னடா, மானுக்கு பாடம் நடத்துறியா?” என்றார். “வந்துச்சு. நல்ல கொம்பு. என் கால் எங்க இருக்குன்னே தெரியல, அப்புறம் எங்க தூக்கிக் குறி பாக்கிறது” என்றார். நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். கொஞ்ச தூரம் வந்ததும் எங்கள் கையை விலக்கிவிட்டு நானே வருகிறேன் என்றார். நடந்தும் வந்தார். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, குழல் சேற்றில் அழுந்த, அதை ஊன்றுகோலாக ஊன்றிக்கொண்டு வந்தார். இதை நீ எப்படிப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் முதல் நாள் முதல் வரியாக அவர் சொல்வது, துப்பாக்கி கைத்தடி இல்லை என்பது. வீட்டுக்கு வந்து குழலில் இருந்த சேற்றை அப்பா ஒரு மணி நேரம் துடைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு மறுபடி போனோம். புதுப்பிக்க இல்லை, புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்ல. போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று நேரில் வந்தார். நான் அவருக்குத் தெரியாமல் முப்பதாம் தேதிக்கு நாள் வாங்கி வைத்திருந்தேன், அதை ரத்து செய்யச் சொன்னார். ராக்சான் விடவில்லை. “ஜனவரியில நீங்க வந்து நின்ன கோலம் எனக்கு மறக்கல மான்காரரே. பத்து பவுண்டு கொறைஞ்சு, மூஞ்சி சுண்ணாம்பா இருந்துச்சு. அந்தத் துப்பாக்கிய யாருக்காவது குடுத்துட்டு நிம்மதியா உக்காருங்களேன்” என்றாள். அப்பா சுவரில் ஒட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே, “கேக்க ஆள் வரலையேம்மா” என்றார். அவள் அதை வாங்க ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு, தன் மச்சான் நல்ல விலை தருவான் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர் சொன்னது அது இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் முதல் தடவை துப்பாக்கியைப் போர்வையில் சுற்றும்போது அவர் என்னிடம் சொன்னார். உங்கள் குடும்பத்தில் துப்பாக்கியைக் கொடுக்க மாட்டார்களாம், கேட்டால்தான் தருவார்களாம். உன் தாத்தா அதைக் கீழே வைக்க ஆசைப்பட்டு எத்தனையோ வருடம் காத்திருந்தாராம், அப்பாவுக்கு அது தெரியாது. இருபத்தாறு வயதில் ஒருநாள் கொட்டகையில் வைத்து அப்பா வாய் தவறியதுபோல் கேட்டாராம். தாத்தா, “கேக்க உனக்கு இவ்வளவு நாளாச்சாடா?” என்று சொல்லிவிட்டு அன்றோடு வேட்டையை விட்டுவிட்டாராம். இதைச் சொல்லி முடித்து, உனக்குப் பதினாலு வயதில் நடந்ததையும் சொன்னார், நீ மானைச் சுட்டது, பக்கத்தில் போகாமல் மரத்தடியில் வாந்தி எடுத்தது, இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள் என்றது. “அவன் மேல தப்பில்ல. நான்தான் இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்கணும்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. உன்னிடம் அவர் இதைச் சொன்னாரா என்று தெரியாததால் எழுதுகிறேன்.

குளிருக்கு நல்ல கையுறை வாங்கிக்கொள், போன வருடம் அனுப்பிய படத்தில் உன் விரல் நுனி எல்லாம் வெடித்திருந்தது. பல்வலிக்கு டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே. மிஸ் பெட்ருஸ்கி உனக்கு வாழ்த்துச் சொன்னார், நீ ஜெபம் சொல்கிறாயா என்று கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன், பதில் எழுத வேண்டாம். வாழ்த்துவதற்கு எனக்கு வயது போதாது, உறவும் பாதிதான், ஆனாலும் ஏறுகிற கூரையில் எல்லாம் உன் கால் உறுதியாக நிற்கட்டும், இறங்கி வரும்போது உனக்காக யாராவது சூடாகச் சமைத்து வைத்திருக்கட்டும். உன் அம்மாவின் கல்லறைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் போகிறோம், புல்லை நான் வெட்டுகிறேன், அதில் உனக்கு ஒன்றும் மனக்குறை இருக்காது என்று நம்புகிறேன்.

இனிமேல் சொல்வதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். முப்பதாம் தேதி வாங்கிய நாளை நான் இன்னும் ரத்து செய்யவில்லை, ராக்சானிடம் அப்படியே வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டிவிட்டு வந்தேன். துப்பாக்கி இப்போதும் பெர்னியின் அலமாரியில்தான் இருக்கிறது, நீ என்றாவது வந்து எடுக்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று பெர்னி சொல்லிவிட்டார், எடுக்காமலே போனாலும் அவருக்குச் சரிதான். நீ அதைத் தொட வேண்டாம், சுட வேண்டாம், சுவரில் மாட்டவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது வழக்கம்போல நான்தான் எடுப்பேன். கடிதம் வந்ததா என்று கேட்க மாட்டேன், வந்தது என்று நீயும் சொல்லாதே. இரு, அப்பாகிட்ட குடுக்கிறேன் என்பேன். அவர் வந்ததும், தாத்தாவின் துப்பாக்கியை எனக்குத் தருவீர்களா என்று கேள்.

லோர்னா