றெஜினாவின் மூங்கில் தடி

அன்புள்ள மாமிக்கு,

முழங்கால் நோவு இப்போது குறைந்திருக்கிறதா? ஒஸ்லோவில் நானும் கடையும் சுகம்.

றெஜினா இருக்கும்போதே இரண்டு பேருக்குப் பதிந்த வியட்நாம் பயணம். காசு திரும்பாது என்றார்கள். வியாபாரிக்கு அதை விட மனம் வருமா? தனியே போய் வந்தேன்.

மலையைப் படிப்படியாக வெட்டிய நெல்வயல்களுக்குள்ளால் மூன்று நாள் நடை. வழிகாட்டி மாய் என்றொரு பெண். வரப்பில் வழுக்காமல் ஊன்ற இரண்டு மூங்கில் தடிகள் வெட்டி வைத்திருந்தாள்.

“உங்கடை மனுசி எங்கை?”

“பிறகு வாறா” என்றேன். இறந்துவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை, மாமி.

அவள் மற்றத் தடியை எறியவில்லை. மூன்று நாளும் தானே சுமந்தாள். கடைசி ஊரில் என்னிடம் நீட்டி, “அவ வரேக்கை குடுங்கோ. மழைக்கு வரப்பு வழுக்கும்” என்றாள். விலை கேட்டேன், சிரித்தாள். பேரம் பேசாமல் நான் வாங்கிய ஒரே சாமான் அதுதான். இப்போது இங்கே ரொம்மனில் என் வீட்டுக் கதவடியில் சாத்தி வைத்திருக்கிறேன்.

மிளகாய்த்தூள் அனுப்பினால் றெஜினா வறுக்கிற பக்குவத்தில் வறுத்து அனுப்புங்கள். கடை திறக்க நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன். தூள் அரைக் கிலோ காணும். ஒரு ஆள்தானே.

உங்கள் மருமகன்
சூசைரட்ணம்