சம்ராவின் புருவத் தழும்பு

அஜ்மான்,
திங்கட்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

கண்ணியத்துக்குரிய லாத்தா ஜுலைஹா பீவி அவர்களுக்கு, தம்பி சதக்கத்துல்லா அன்பு முக்காலும் படபடப்பு காலுமாகச் சொல்லும் சலாம். உங்கள் முட்டுவலியையும் செய்கு முகம்மது மச்சானின் பிரஷரையும் அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக. இங்கே நான் சுகம். உங்கள் மகள் நஸீஹாவும் சுகம். அதாவது, உடம்புக்குச் சுகம். மச்சான் பள்ளிவாசலுக்குக் கிளம்பிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இதைப் படியுங்கள்.

கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன மாதம் உங்களுக்கென்று நான் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் குடும்ப குரூப்பில் போய் விழுந்து, பெரிய மாமி இன்றுவரை எனக்கு சலாம்கூடத் திருப்பிச் சொல்வதில்லை. ஆகையால் இந்த விஷயத்தில் மெஷினை நம்பவில்லை. என் ரூமில் இருக்கும் முகம்மது சித்தீக் வியாழக்கிழமை ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பார்சலில் பேரீச்சம்பழமும் கோடாலித் தைலமும் இருக்கும். அடியில் பேப்பரில் சுற்றி ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். அதை இப்போது பிரிக்காதீர்கள். நான் சொல்லும்போது பிரியுங்கள்.

கடையை விட்டு இந்தப் பக்கம் நகர்வதே பெரிய காரியம். சூப்பர் மார்க்கெட் என்றால் சும்மாவா? இங்கே பகாலா என்பார்கள், நான் சூப்பர் மார்க்கெட் என்கிறேன், இரண்டும் ஒன்றுதான், ஃப்ரிட்ஜ் மட்டும் கொஞ்சம் சின்னது. நான் ஒரு மணி நேரம் இல்லையென்றால் இந்தத் தெருவில் அரபிகளுக்கே ரொட்டி கிடைக்காது. அப்படிப்பட்டவன் உங்களுக்காக லீவு போட்டுவிட்டுப் போனேன்.

நீங்கள் போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது லாத்தா. மகளைத் துபாய்க்கு வேலைக்கு அனுப்பினோம், அவள் ஒரு சூடான்காரப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள் என்று சொன்னீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சவூதியில் அல் கோபாரில் இருக்கும் மாப்பிள்ளை ஜைத் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் நீ போய், "ஒரே வார்த்தையில முடிச்சுட்டு வா தம்பி"ன்னு சொன்னீர்கள். முடிச்சுட்டு வா. அந்த வார்த்தையைத்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் நஸீஹாவைப் போய்ப் பார்த்தேன். ஜைத் வீட்டுக்கு நீங்கள் அனுப்பிய ஸ்டுடியோ போட்டோவை அவளிடம் காட்டி, மாப்பிள்ளை வீட்டார் இதைப் பார்த்து மயங்கிக் கிடக்கிறார்கள், நீ வெயிலில் அலையாமல் முகம் வெளுக்கும் க்ரீமைப் போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பு என்று பதமாகச் சொன்னேன். அவள் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "மாமா, இந்தப் போட்டோவுக்கே நிக்காஹ் பண்ணி வச்சிருங்களேன். நான் லீவு போட்டு வந்து சோறு தின்னுட்டுப் போறேன்" என்றாள். உங்கள் நாக்கு அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்ததாகச் சொன்னதைச் சிரிக்காமல் சொன்னாள். உம்மா வேண்டாம் என்றால் அவரைக் கட்டமாட்டேன், ஓடிப்போகவும் மாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு வேறு யாரையும் கட்டச் சொல்லாதீர்கள் என்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழாததால் போட்டோவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

பையன் பேர் அம்மார். பிறந்து வளர்ந்தது இங்கே அஜ்மானில்தான். கடைகளுக்கு போர்டு செய்யும் கம்பெனியில் டிசைன் வேலை. மற்ற நேரம் படக்கதை வரைகிறான். துபாயில் பெரிய அரங்கில் படக்கதைக் கண்காட்சி நடக்கிறது, அங்கே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பான் என்று நஸீஹா சொன்னாள். நேரே அங்கே போனேன். என் தோரணையைப் பார்த்து வாசலில் நின்றவர்கள் நான் பரிசு கொடுக்க வந்தவன் என்று நினைத்து வழி விட்டார்கள். டிக்கெட் மட்டும் கேட்டார்கள்.

படக்கதை எனக்குப் புதிதா லாத்தா? வாப்பா கடைக்குப் பொட்டலம் மடிக்க வரும் பழைய புத்தகங்களில் பாதியை நான் படித்த பிறகுதானே கிழிப்பார்கள். உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தக் கதைகளில் வெள்ளைக்காரன் குதிரையில் வருவான். கறுப்பன் தலையில் பெட்டி சுமந்து பின்னால் வருவான், இல்லையென்றால் எலும்பை மாட்டிக்கொண்டு அண்டாவைச் சுற்றி ஆடுவான். அவனுக்குக் கதையில் பேரே இருக்காது. இங்கே போய்ப் பார்த்தால் அதே கறுப்பன், மினாரா உயரத்துக்குப் பேனரில் நிற்கிறான். வானத்தில் பறக்கிறான், விண்கல்லைத் தோளில் தாங்குகிறான், ஒரு கிழவி மின்னலைக் கைத்தடியாக ஊன்றி நடக்கிறாள். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அவர்களைப் போல வேஷம் போட்டுத் திரிகிறார்கள். வாசலில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் உகாண்டாக்காரர் ஒருவர், சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஓடிவந்து அந்தப் பேனர் பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, மறுபடி முகத்தை இறுக்கிக்கொண்டு போய் நின்றார்.

அங்கே ஒரு சின்னக் குழப்பம் நடந்துவிட்டது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தொப்பியும் கவசமும் போட்டு ஆறடியில் ஒரு கறுப்பு மனிதர் நின்றார். இவன்தான் அம்மார் என்று முடிவு செய்து நாற்காலியில் உட்காரவைத்து விசாரணையைத் தொடங்கினேன். குடும்பம் எத்தனை பேர், சம்பளம் என்ன, சிகரெட் உண்டா, கோபம் வருமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பதில் சொன்னார். கடைசியில், "சார், எந்த வேலைக்கு இன்டர்வியூ?" என்று கேட்டார். பார்த்தால் அவர் கென்யாக்காரர், பேர் ஜோசப், வேஷம் போட்டு நிற்பதற்குக் கூலிக்கு வந்தவர். என் சூப்பர் மார்க்கெட்டில் ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள் என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். சொல்கிறேன் என்றேன். என்ன செய்ய?

நிஜமான அம்மார் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, மையேறின விரலோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தவன் நான் உட்காரும் வரை உட்காரவில்லை. போர்டு கம்பெனியில் பழகிய ஹிந்தியில் "மாமூ" என்று கூப்பிட்டான். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், உம்மாவைப் பார்க்க வாருங்கள், பெரியவர்கள் பேச்சைப் பெரியவர்கள்தான் பேச வேண்டும் என்றான். சூடானுக்குத் திரும்பிப் போயிருந்த உம்மாவை, அங்கே சண்டை தொடங்கியபோது மறுபடி இங்கே கூட்டி வந்துவிட்டானாம். அவன் வரைந்த புத்தகத்தை என் கையில் வைத்தான். நான் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் போட்டேன். இளகிவிடக் கூடாது என்று.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் கடையிலிருந்து மூன்று தெருதான். அவர்கள் வழக்கத்தில் அம்மாவை மகன் பேரோடு சேர்த்து உம்மு அம்மார் என்கிறார்கள். பெரிய உடம்பு, வெள்ளை முக்காடு. வீடு முழுக்க சாம்பிராணி வாசம், நம்ம வீட்டு வியாழக்கிழமை மாதிரி. இஞ்சி போட்ட காப்பி கொடுத்தார்கள். வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்திருந்தேன். அரபியில் ஒரே வார்த்தை போதும்: கலாஸ். முட்டை தீர்ந்தால் கலாஸ் என்போம், கடை அடைத்தால் கலாஸ் என்போம், வாக்குவாதத்தை நிறுத்தவும் கலாஸ்தான். பேச்சு முடிந்தது, இத்தோடு விடுங்கள் என்று அர்த்தம்.

ஆனால் எடுத்த எடுப்பில் அப்படிச் சொல்வது மரியாதை இல்லையே. அதனால் நம் குடும்பத்தின் பெருமையைக் கொஞ்சம் சொன்னேன். கீழக்கரையில் எங்கள் வீட்டைக் கேட்காமல் பிறைகூடப் பார்க்க மாட்டார்கள் என்றேன். என் லாத்தா என் பேச்சைத் தாண்டி ஓர் அடி வைத்ததில்லை, அந்த வீட்டில் என் வார்த்தைதான் கடைசி வார்த்தை என்றேன். சபையில் சொல்வதுதானே லாத்தா, கோபிக்காதீர்கள். அதே வேகத்தில், எங்கள் பெண்ணுக்கு எப்படியெல்லாம் வரன் வருகிறது தெரியுமா என்று காட்டுவதற்காக அந்த ஸ்டுடியோ போட்டோவை எடுத்து நீட்டினேன்.

உம்மு அம்மார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு, அழகான பெண், நஸீஹாவுக்கு அக்காவா என்று கேட்டார்கள்.

நஸீஹாதான் என்றேன். இல்லை என்றார்கள். அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஹாஸ்டல் தோழி ஹிஃப்ஸாவோடு இங்கே வருகிறாள், எனக்குக் கால் பிடித்துவிட்டுப் போகிறாள், அவளை எனக்குத் தெரியாதா என்றார்கள். என் பைக்குள் இருந்த புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து, அதில் வரைந்திருந்த பெண்ணின் இடது புருவத்தில் விரலை வைத்து, "இதோ, இவள்தான் நஸீஹா" என்றார்கள். அப்புறம் போட்டோவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள். அரபி எனக்குப் புரியாததுபோல் இருந்தேன், அம்மார் தலையைக் குனிந்துகொண்டு ஹிந்தியில் சொன்னான். என் மகனையும் இப்படி வெளுத்துத்தான் உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவீர்களா என்று கேட்டார்களாம்.

நான் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தேன்.

லாத்தா, இப்போது புத்தகத்தைப் பிரியுங்கள். அட்டையில் நிற்கிறாளே, அவள் பேர் சம்ரா. அரபியில் கருத்தவள் என்று அர்த்தம், திட்டுகிற பேர் இல்லை, கொஞ்சுகிற பேர். அவர்கள் ஊரில் வானம் முட்ட வரும் புழுதிப் புயலை அவள் பாய் மாதிரி சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பாள். ஊர் மூச்சு விடும். சுருட்டி முடித்து முக்காட்டு நுனியால் கட்டுகிறாள் பாருங்கள், அது யார் பாய் கட்டுகிற விதம், உங்களுடையதுதானே? இடது புருவத்தைப் பாருங்கள். நான் முதல் லீவில் வந்தபோது, என் பெட்டியைப் பிடிக்க நஸீஹா ஓடிவந்து நிலைப்படியில் மோதி விழுந்தாளே, நீங்கள் காப்பித்தூளை வைத்து அமுக்கினீர்களே, அந்தத் தழும்பு. ஸ்டுடியோக்காரன் நிறத்தோடு சேர்த்து அதையும் அழித்துவிட்டான். முன்பின் நம்மைத் தெரியாத ஒரு பையன் ஒரு பக்கம்கூட விடாமல் அதை வரைந்து வைத்திருக்கிறான்.

நம் வாப்பாவை ஊரே கருத்தப்பா என்றுதானே கூப்பிட்டது? பேர் வைக்கச் சொன்னால், முதல் பாங்கு சொன்ன கறுப்பர் பிலாலின் பேரை ஆசையாக வைக்கிறோம். கறுப்பு ஹீரோ உலகத்தைக் காப்பாற்றும் படத்துக்கு ரூமில் எல்லோரும் சேர்ந்து போய் விசில் அடிக்கிறோம். அவன் உலகத்தைக் காப்பாற்றலாம், நம் வீட்டு மருமகனாக வாசல்படி ஏறக்கூடாதா? இதை அங்கே கேட்கத் தோன்றவில்லை. கடையில் தண்ணீர் கேன் இறக்கும்போது தோன்றியது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். உம்மு அம்மார் என் முகத்தைப் பார்த்து, உங்கள் வார்த்தைதான் கடைசி வார்த்தை என்றீர்களே, அதைச் சொல்லுங்கள் என்றார்கள். நான் போட்டோவைப் பார்த்தேன், புத்தகத்தைப் பார்த்தேன். ஒத்திகை பார்த்த ஒரே வார்த்தைதான் வந்தது. "கலாஸ்" என்றேன்.

அந்த அம்மா எழுந்து நின்று ஒரு குலவை விட்டார்கள் பாருங்கள், நம்ம ஊர்க் கல்யாணக் குலவை தோற்றது! பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். என் கையைப் பிடித்து முத்தம் வைத்து, வாயில் இனிப்பைத் திணித்தார்கள். பேரம் படிந்தாலும் கலாஸ்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மார் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஹிந்தியில் கலாஸ் என்றால் தீர்த்துக்கட்டுவதுதான், அதுவும் அவனுக்குத் தெரியும், என்னையும் இதற்குள் தெரிந்திருக்கும். மாமூ, தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் உம்மாவுக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்று காதருகில் வந்து மெதுவாகச் சொன்னான். நான் இனிப்பை மென்றுகொண்டிருந்தேன். விழுங்கிவிட்டேன்.

எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று நஸீஹாவும் போனில் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அப்போதுதான் அழுதாள்.

இப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. மச்சானிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள், அவர் பிரஷர் என்ன ஆகும், ஜைத் வீட்டாரை எப்படி நிறுத்துவீர்கள், கறுத்த காப்பிரியைக் கட்டிக்கொண்டாள் என்று ஊர் எத்தனை வருஷம் பேசும், எல்லாம் யோசிக்கிறேன். கல்லாவில் மீதி மாற்றிக் கொடுத்து ஏச்சு வாங்குகிறேன். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அந்த அம்மாவின் வாசலில் போய் நின்று, என் வீட்டில் என் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று சொல்லிவிடுவேன். அதைவிட அந்தப் புள்ளயின் காய்ந்த கண்ணை மறுபடி பார்ப்பதற்குத்தான் பயமாக இருக்கிறது.

ஆனால் நீங்கள் சொன்னதைத்தானே நான் செய்தேன்? முடிச்சுட்டு வா என்றீர்கள். நம்ம ஊரில் கல்யாணத்தையும் முடிப்பது என்றுதானே சொல்கிறோம் லாத்தா. உங்கள் வார்த்தைக்கும் என் வார்த்தைக்கும் ரெண்டு பக்கமும் வாசல் இருக்கிறது.

சதக்கத்துல்லா சொன்னால் பாதி பொய் என்று சின்ன வயதிலிருந்தே சொல்வீர்கள். சரி, பாதி பொய்தான். ரொட்டி விஷயம், பிறை விஷயம் எல்லாம் அந்தப் பாதியில் போகட்டும். நீங்கள் என் பேச்சைத் தாண்டமாட்டீர்கள் என்று ஒரு பெரிய மனுஷியிடம் சொல்லிவிட்டு வந்தேன், அதை மட்டும் உண்மைப் பாதியில் சேர்த்துவிடுங்கள். அல்லாஹ் உங்கள் மனதை விசாலமாக்கி, மச்சானுக்கு சபுரையும் பொறுமையையும், நம் பெண்ணுக்கு நல்ல வீட்டையும் தருவானாக. அந்தப் புருவத்தை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரே வார்த்தை அனுப்புங்கள். குடும்ப குரூப்பில் போட்டாலும் பரவாயில்லை.

உங்கள் துஆவையும் அந்த ஒரு வார்த்தையையும் எதிர்பார்த்து,
தம்பி சதக்கத்துல்லா.