கதவில் ஒட்டிய அறிவிப்பு

மார்ச் 9
தபால் நிலையத்தில் இன்றும் பொய் சொன்னேன், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று. கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு அரசாங்கக் கடிதம் பனியில் புதைந்த வேலி மாதிரி. அங்கங்கே ஒரு கம்பம் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் ஆர்லா படித்துச் சொன்னாள்.

என் மனைவி நாற்பத்தாறு வயதில் ரெஜைனா நகரத்துக்குப் போய், நான்கு வருடம் பொது நிர்வாகம் படித்துப் பட்டம் வாங்கியவள். இப்போது எங்கள் ஊராட்சிச் செயலர். வேலை நிரந்தரமா இல்லையா என்று ஏப்ரல் கடைசியில் உறுப்பினர்கள் முடிவு செய்வார்கள்.

"அதுவரைக்கும் என்னக் கிண்டல் பண்ணாதய்யா."

"அப்புறம் நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?"

மார்ச் 23
பனி உருகுகிறது. மண் சாலைகளில் தானிய லாரி போகக் கூடாது என்று ஆர்லா அறிவிப்பு எழுதினாள். சட்டப்படி இணையதளத்தில் ஒன்று, அலுவலகக் கதவில் ஒன்று.

மார்ச் 26
வடக்குச் சாலையில் மூன்று லாரிகள் போய்விட்டன. முழங்கால் ஆழத்துக்குத் தடம்.

பனிச்சறுக்கு அரங்கின் காப்பி மேசையில், உறுப்பினர் ஹோலுப் எல்லாருக்கும் கேட்கவே சொன்னார்: "கதவை யாரு பாக்குறா? பழைய செயலர் இங்க, காப்பிப் பானை மேலதான ஒட்டுவாரு. நாலு வருஷம் என்னத்தப் படிச்சுச்சோ."

பானை மேல் ஒட்டுவது எனக்குத் தெரியும். இருபது வருடமாகப் பார்க்கிறேன். ஏன் சொல்லவில்லை? அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேனா? இல்லை — படித்தவள் ஒரு தரமாவது தடுக்கி விழட்டும் என்றா?

மார்ச் 27
அவளிடம் சொல்லிவிட்டேன். "தெரிஞ்சேதான் இருந்தியா?" என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஏப்ரல் 1
பேச்சில்லை. முட்டாள்கள் தினம் என்று அவளை ஏமாற்ற எத்தனையோ வைத்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை.

ஏப்ரல் 8
ஹோலுப் தன் லாரிக்கு மட்டும் அனுமதிக் கடிதம் கேட்டிருக்கிறார். "ஒரே ஒரு நடைம்மா. பழையவரு குடுப்பாரு." மறுத்துவிட்டாள். கேட்டதையும் மறுத்ததையும் கோப்பில் எழுதியும் வைத்துவிட்டாள்.

"அவருக்கும் ஓட்டு இருக்கு ஆர்லா. வேலை போயிரும்."

"போகட்டும். நாலு வருஷம் இதத்தான்யா படிச்சேன்."

என்னிடம் பேசிவிட்டாள். பயத்திலும் அது தித்தித்தது.

ஏப்ரல் 28
கூட்டம். ஹோலுப் கை தூக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் தூக்கினார்கள். வேலை நிரந்தரம்.

ஏப்ரல் 30
பட்டச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, அலுவலகத்தில் அவள் அறையில் மாட்ட எடுத்துப் போனேன். ஆணி அடித்த இடத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் போகிறது. ஊராட்சி அலுவலகம் வியாழக்கிழமை வரை மூடியிருக்கும்.