அடிமரத்தைக் கடைசிக்கு வைத்தேன்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மண் அள்ளும் வண்டிக்குக் கிரீஸ் அடித்தேன். பக்கெட்டைக் கழற்றிவிட்டு மரம் பிளக்கும் கூம்பை மாட்டினோம். ஒன்பது மணிக்கு ஒரு லாரி விறகுக் கிடங்குக்குள் வந்தது. ஏறிப் பார்த்த ரம்பக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "தங்கச்சி, இது உங்க தெரு மரம்."

எனக்குத் தெரியாதா? நவம்பர் காற்றில் வேரோடு சாய்ந்து என் வீட்டுக்காரருடைய சைக்கிள் கடைத் தகரத்தின் மேல் விழுந்த மரம். தகரத்துக்குக் கீழே இவர் இருந்தார். இடுப்புக்குக் கீழ் இன்றுவரை உணர்வில்லை. வீட்டில் கட்டிலில் கிடக்கிறார். பகலில் அண்ணி, இவருடைய அக்கா, வந்து பார்த்துக்கொள்கிறார்.

மரம் பின்வீட்டுக்காரனுடையது. விசாரணை முடிந்துவிட்டதாம். 'நல்ல மரம், காற்றினால் விழுந்தது' என்று நகராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். வந்த அதிகாரி பத்து நிமிஷம் நின்றார், அதிலும் ஐந்து நிமிஷம் போனில் பேசினார். அது போதும் அவனுக்கு. இப்போது மரத்தை விறகுக்கு விற்றுவிட்டான்.

முதலாளியிடம் போனேன். "இத நான்தான் பிளப்பேன். வேற யாரும் தொடக் கூடாது."

"வண்டி ஓட்டுறதே நீ ஒருத்திதானேம்மா, வேற யாரு தொடப் போறா?" என்றார்.

மார்ச் 4, புதன்

ஏழு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், கூம்பைப் பற்றி இந்த நோட்டில் ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுத வேண்டும் போலிருக்கிறது. மரை போட்ட இரும்பு அது. அடி குடம் அளவு, நுனி ஆணி அளவு. கட்டையில் நுனியை வைத்து அழுத்திச் சுழலவிட்டால் தானே உள்ளே இறங்கும். இறங்க இறங்கத் தடிமன் கூடும். முதலில் கட்டை முனகும், பிறகு படீரென்று இரண்டாகும். கட்டையைத் தரையோடு அழுத்திப் பிடிக்காவிட்டால் மட்டும் அதுவும் கூம்போடு சேர்ந்து சுற்றும், கேபின் கண்ணாடியைப் பதம் பார்த்துவிடும்.

இன்று எட்டுக் கட்டை. எட்டிலும் அவனைத்தான் நினைத்துக்கொண்டேன். நுனியை அவன் உடம்பில் எங்கே வைத்ததாக நினைத்தேன் என்று எழுத மாட்டேன், யாராவது எடுத்துப் படித்துத் தொலைத்தால்?

போன வருஷம் மூன்று தடவை இவரை அவனிடம் அனுப்பினேன். மழை பெய்தால் வேர்ப்பக்கம் மண் வெடிக்கிறது, அடியில் காளான் பூக்கிறது, மரத்தை எடுக்கச் சொல்லுங்கள் என்று. நானே போயிருப்பேன். "நீ போனா பேச்சு தடிச்சிரும், நான் பாத்துக்கிறேன்" என்று இவர்தான் போனார். மூன்று தடவையும் ஒரே பதிலோடு வந்தார்: "முடியாதுங்கிறான்."

முடியாதாம். என்ன திமிர்!

மார்ச் 5, வியாழன்

பதினாறு கட்டை. கை வலிக்கவே இல்லை.

மார்ச் 6, வெள்ளி

வீட்டுக்குள் நுழையும்போதே இவர், "டிரைவரம்மா, இன்னிக்கு எத்தனை தலை உருண்டுச்சு?" என்றார். படுத்துக் கிடந்தாலும் வாய் மட்டும் ஓயாது. அண்ணியின் மிக்ஸியைக் கழற்றி வயிற்றின் மேல் பரப்பி வைத்திருந்தார்.

சொன்னேன். கிளைகள் எல்லாம் முடிந்தன, நடுமரம் பாதி முடிந்தது, அடிமரத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். சாப்பாட்டில் பிடித்ததைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்போமே, அப்படி.

"அத எதுக்குப் பிளக்கணும்? நல்ல பருமனான கட்டை. மேசை பண்றவங்க யாராச்சும் முழுசா வாங்கிக்குவாங்க. மொதலாளிகிட்ட சொல்லேன்."

"அவன் மரத்துல ஒருத்தன் ஒக்காந்து சாப்பிடணுமா? ஒரு துண்டு முழுசா இருக்கக் கூடாது."

"மரம் என்னடி பண்ணுச்சு பாவம்" என்றார். இவருக்கு இளகின மனசு. அதனால்தான் ஆளாளுக்கு ஏறி மிதிக்கிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

குழாயடியில் அவன் பெண்டாட்டி குடத்தோடு நின்றாள். நான் வரிசையில் கடைசி. அவளுக்குக் கேட்கட்டும் என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன்: "கொலைகாரன் வீட்டுக் குடம் மட்டும் எப்படித்தான் முன்னாடி வந்து நிக்குதோ!"

அவள் பாதிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலிருந்து பார்த்தேன். சேலை நுனியெல்லாம் தண்ணீர். வயிறு குளிர்ந்தது. இதை எழுதும்போதும் குளிர்கிறது. பொய் சொல்வானேன்?

பிளந்த விறகில் ஒரு லோடு எடுத்துப்போய் அவன் வாசலில் கொட்ட வேண்டும். காலையில் கதவைத் திறந்தால் அதைத்தான் தாண்டி வர வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

முதலாளி முடியாது என்றுவிட்டார். "நான் யாவாரம் பண்ண வந்தவன்மா. உன் வஞ்சம் தீக்குறதுக்கு எல்லாம் லாரி அனுப்ப முடியாது."

போகட்டும். கூம்பு இருக்கிறது.

மார்ச் 11, புதன்

நினைத்ததைவிடப் பெரிதாகக் கிடைத்துவிட்டது!

அடிமரம் ஆள் உயரத் துண்டு. குட்டையாக அறுக்க ரம்பக்காரர் இன்னும் பெரிய ரம்பம் வேண்டும் என்று அப்படியே விட்டிருந்தார். கூம்பின் பக்கவாட்டால் புரட்டி மணல் மேட்டில் சாய்த்து, பக்கவாட்டில் கூம்பை இறக்கினேன். ஒரு சாண் போனது. அப்புறம் ஒரு கிறீச்சிடல். பல் கூசியது. உடனே நிறுத்தி எதிர்ப்பக்கம் சுழற்றி வெளியே எடுத்தேன். நுனி மழுங்கியிருந்தது. கல்லாக இருக்கும் என்று நினைத்து வேறு இடத்தில் இறக்கினேன். பக்கத்துப் பாளம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்.

"சிமென்ட்டு, தங்கச்சி!" என்று ரம்பக்காரர் கத்தினார்.

மரத்துக்குள் சிமென்ட். பெரிய பொந்து இருந்திருக்கிறது. அதை அடைத்துப் பூசி, மேலே பட்டை நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறான். பிறகு பட்டையே வளர்ந்து ஓரங்களை மூடிவிட்டது. அந்தப் பக்கம் தரையில் படும்படி விழுந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நல்ல மரமாம்! காற்று தள்ளியதாம்! உள்ளே செத்துப்போன மரம் என்று அவனுக்கு முன்னமே தெரியும். தெரிந்தேதான் மூன்று தடவை முடியாது என்றிருக்கிறான்.

முதலாளியே போனில் நாலு படம் எடுத்துக் கொடுத்தார். நகராட்சிக்கு நாளை மறுநாள் போகலாம், தானும் வருகிறேன் என்றார். ஓடி வந்து இவரிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முழுசும் பிளந்துட்டியா?"

"பாதிதான். மீதி நாளைக்கு."

"இதுவே போதுமே. எதுக்கு இன்னும்?"

"எதுக்கா? அவன் தெருவுல தலை நிமிந்து நடக்கக் கூடாது, அதுக்கு."

இவர் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 12, வியாழன். மத்தியானம், கேபினுக்குள்

மீதியையும் பிளந்தேன். சிமென்ட் மொத்தமாக ஒரே பாறையாகக் கழன்று விழுந்தது. கூம்பின் பக்கவாட்டால் ஒரு தட்டு தட்டினேன். உடைந்தது.

உள்ளே சைக்கிள் செயின். பல் உடைந்த பல்சக்கரங்கள். ஒரு கட்டு சக்கரத்துப் போக்ஸ் கம்பி. பொந்தை ரொப்புவதற்காக அள்ளிப் போட்டவை. "கஞ்சப்பய, பழைய சைக்கிள் சாமானப் போட்டு சிமென்ட்ட மிச்சம் பிடிச்சிருக்கான்" என்று ரம்பக்காரர் சிரித்தார்.

நடுவில் ஒரு டியூப் துண்டு. அதில் ஒட்டுப் போட்டிருந்தது. எல்லாக் கடையிலும் ஒட்டைச் சதுரமாக வெட்டுவார்கள். மூலை இருந்தால் கிளம்பும் என்று கத்தரியால் முட்டை வடிவத்தில் வெட்டுகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். இது முட்டை வடிவம்.

சுத்திச் சுத்திப் பார்க்கிறேன். முட்டைதான்.

அதே நாள், சாயங்காலம்

அண்ணியைக் கடைக்கு அனுப்பிவிட்டு டியூப் துண்டை இவன் மார்மேல் போட்டேன்.

"இது என்ன?"

எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "நீ பாலம் கட்டுற வேலைக்கு ரெண்டு வாரம் போயிருந்தியே, நாலு வருஷம் இருக்கும். அப்ப பண்ணது."

"யாரு பண்ணது?"

"நானும் பின்வீட்டுக்காரரும். அவரு வெட்டிரலாம்னுதான் சொன்னாரு. ஆள்கூடப் பேசி வச்சிருந்தாரு. நான்தான் வேணாம்னேன். நிழல் போச்சுன்னா அந்தத் தகரத்துக்குள்ள மத்தியானம் எவன் வந்து நிப்பான்? கடையே போயிரும்னு கெஞ்சினேன். அடைச்சிட்டா நிக்கும்னு நெனச்சேன்."

"மூணு தடவை அனுப்பினேனே உன்னை?"

"போனேன். டீ குடிச்சேன். வந்துட்டேன்."

டீ குடித்தானாம். நான் இங்கே அடுப்பங்கரையில் நின்று என்ன சொன்னான் என்ன சொன்னான் என்று காத்துக்கிடந்தேன். இவன் அங்கே டீ குடித்திருக்கிறான். "நாலு மாசமா அந்த ஆளக் கரிச்சுக் கொட்டினேன். கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்த? குழாயடியில நான் பேசினத உன்கிட்டதானே வந்து சொன்னேன்? சிரிச்சியே!"

"தெரிஞ்சா நீ என்னை விட்டுட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன்."

போறேன், இப்பவே போறேன் என்று வாய் வரை வந்தது. அண்ணி வந்துவிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

நகராட்சிக்குப் போகவில்லை. முதலாளியிடம் காய்ச்சல் என்றேன்.

பழிவாங்க ஆள் வேண்டுமென்றால் வெளியே தேட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். எப்படி வாங்குவது? அடிக்க முடியாது. பட்டினி போட முடியாது. விட்டுவிட்டுப் போனால் தெருவே என்னைத்தான் காறித் துப்பும். பேசாமல் இருக்கலாம். பேச்சு இல்லாவிட்டால் இவனுக்கு மூச்சு முட்டும். முட்டட்டும்.

மார்ச் 14, சனி

பின்வீட்டுக்குப் போனேன். அந்தம்மா என்னைக் கண்டதும் கதவைச் சாத்தப் போனார். பின்னாலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ.

"சொல்லிட்டானா?" என்றார்.

தலையாட்டினேன்.

"ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதான்மா. அவகிட்ட சொல்லாதீங்கன்னான். சரின்னுட்டேன்." அவரே மேலும் சொன்னார்: "முழு நல்லவன்னு நெனச்சுறாத. எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. கரண்டி பிடிச்சுப் பூசினது நான்தானே? கேள்வி வந்தா மரத்துக்காரனத்தான கேப்பாங்க?"

அப்போது அவரைத் திட்டியிருக்கலாம். பாதிக் கோபத்துக்கு அவரும் சொந்தக்காரர்தான். ஆனால் "நான் பேசினது…" என்று ஆரம்பித்தேன், அந்தம்மா உள்ளே போய்விட்டார். நானும் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஐந்தாம் நாள். அண்ணி வழியாகத்தான் எல்லாம். "உங்க தம்பிக்கு மாத்திரை குடுங்க." "உங்க தம்பி போர்வைய இழுத்து விடுங்க."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று அண்ணி கத்தினார். என்ன நடந்தது என்று கேட்டார். அவன் வாயால் சொல்லட்டும் என்றேன்.

அவன் வாயால் சொல்லட்டும். அதுதான் சரி. எந்த வாய் மூன்று தடவை பொய் சொன்னதோ அந்த வாய்.

மார்ச் 18, புதன்

இந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்: 'ஞாயிறு காலை தெரு ஜனத்தைக் கூப்பிடப் போகிறேன். நீயே சொல். இல்லாவிட்டால் நான் சொல்வேன், நான் சொன்னால் இதைவிட மோசமாக இருக்கும்.'

படித்தான். கண்ணை மூடிக்கொண்டான். நல்லா வேணும்.

மார்ச் 22, ஞாயிறு

குழாயடியில் அன்று நின்றவர்களில் ஒருத்தரையும் விடவில்லை. பதினோரு பேர் இந்தச் சின்ன அறைக்குள். இருவர் ஜன்னலுக்கு வெளியே. முதலாளியும் ரம்பக்காரரும்கூட வந்தார்கள். பின்வீட்டுக்காரர் வாசற்படியைத் தாண்டவில்லை. அந்தம்மா அவருக்குப் பின்னால்.

இவர் சொன்னார். முதலில் அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். நிழல், பொந்து, செயின், டீ, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் ஒரு தடவை என்னைப் பார்த்தார், போதும் என்று நான் சொல்வேன் என்று. சொல்லவில்லை. ஒன்றையும் விடாமல் சொல்ல வைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குழாயடியில் குளிர்ந்த வயிறு இன்று எரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

முடிந்ததும் என் முறை. "குழாயடியில நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க." இவ்வளவுதான். வண்டியில் இரண்டு டன் தூக்குகிறேன், இந்த நாலு வார்த்தையைத் தூக்க முடியவில்லை.

அந்தம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ மன்னிப்புக் கேட்டுட்ட. நான் ரெண்டு வாரமா அடுத்த தெருக் குழாய்ல தண்ணி பிடிச்சேன்." போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் கலைந்தார்கள். ரம்பக்காரர் மட்டும் இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 23, திங்கள்

கூம்புக்குப் புது நுனி மாட்டினோம். வேறு யாருடைய மரமோ, இருபது கட்டை. யார் முகமும் வரவில்லை. வேலை மெதுவாகத்தான் போனது.

மார்ச் 25, புதன்

அண்ணிக்குச் சளி, இன்று வரவில்லை. சாயங்காலம் நானே இவருக்கு உடம்பு துடைத்தேன். ஞாயிறன்று சொன்னதோடு இவர் பேச்சை நிறுத்திவிட்டார். கேலி இல்லை, டிரைவரம்மா இல்லை. கேட்டதுக்கு மட்டும் தலையாட்டுகிறார். இதுதான் நான் கேட்டது, கிடைத்துவிட்டது. வீடு கிடங்கைவிட அமைதியாக இருக்கிறது.

இடுப்புக்குக் கீழே, முதுகு முடியும் இடத்தில், கட்டைவிரல் அளவுக்குச் சிவந்திருந்தது. படுக்கைப் புண் ஆரம்பம். இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் போட வேண்டும். நான்தான் அண்ணி தலையில் கட்டிவிட்டு ஒதுங்கியிருந்தேன். சிவப்பு இன்று வந்ததில்லை. இவருக்குத் தெரியாது, அங்கே உணர்வு கிடையாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோபம் போய்விட்டதா? போகவில்லை. டீயை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது.

களிம்பு தடவினேன். இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தார்.

"இன்னும் கொஞ்சம் திரும்புங்க" என்றேன்.

கம்பியை இழுத்துத் திரும்பினார். நான் முட்டுக்குத் தலையணை வைத்துவிட்டு, அடுத்த தடவைக்கு அலாரம் வைத்தேன்.