டைல்ஸுக்கு அடியில் வானம்

வீட்டு மகாராணிக்கு,

நீயும் சின்னவளும் சுகம்தானே? உன் இருமல் விட்டதா? நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன்.

அறையில் கூட இருக்கும் எலக்ட்ரீஷியன் என் போனில் நட்சத்திர ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். போனை எந்தப் பக்கம் நீட்டினாலும் அந்தப் பக்கத்து வானத்தைக் காட்டும். நேற்றுக் காலை டைல்ஸ் பதித்துவிட்டு மட்டம் பார்க்கப் போனைத் தரையில் வைத்தேன். ரசமட்ட ஆப்புக்குப் பதில் அந்த நட்சத்திர ஆப்பைத் தட்டிவிட்டேன் போல. குமிழியைக் காணோம், தரைக்குள்ளே கொத்துக் கொத்தாக நட்சத்திரங்கள்!

பக்கத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். "பூமிக்கு அந்தப் பக்கத்து வானம்ணே அது. இங்க பகல், உங்க வீட்ல ராத்திரி. இப்போ அண்ணி தலைக்கு மேல இருக்கிறதுதான்."

சிமெண்ட் இறுகியதுகூடத் தெரியாமல் மண்டியிட்டே இருந்தேன். "சாமி கும்பிட வந்தியா, வேலை பார்க்க வந்தியா?" என்று மேஸ்திரி கத்தினார். பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு டைல்ஸைப் பெயர்த்துப் பதித்தேன், அவ்வளவுதான்.

யாராவது வந்தால் முட்டிக்குத் தைலம் கொடுத்தனுப்பு. இன்னொன்று. அந்த வானத்தில் செம்மஞ்சளாக ஒரு நட்சத்திரம் தனியாக நிற்கிறது. பாத்திரம் கழுவியதும் மாடிக்குப் போய், அது நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துச் சொல். இந்தத் தேசத்துக்கு வந்த ஆறு வருஷமாக உன் வானத்தின் மேல்தான் மண்டியிட்டிருக்கிறேன், தெரியவே இல்லை.

மேஸ்திரி கூப்பிடுகிறார். நான் குனிகிறேன், நீ அண்ணாந்து பார்.

உன் வீட்டுக்காரன்