கூடத்தில் நின்ற ஜப்பான் குப்பி

மானகிரி

அன்பு மகள் சப்ரினுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி அன்வரும் அல்லாஹ் கிருபையில் நல்ல சுகம். நகோயாவில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத்தான் இங்கே குளிர்கிறது, நீ சுகமாக இருப்பதை உடனே தெரியப்படுத்து. கூடத்தில் இருக்கும் ஜப்பான் பீங்கான்களும் சுகமே. அவற்றின் நலத்தையும் சேர்த்து எழுதும் அளவுக்கு உன் அத்தாவுக்குப் பீங்கான் பைத்தியம் முற்றிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனைத் துண்டித்தேன் அல்லவா, பக்கத்தில் பெண் வீட்டார் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்ததிலிருந்து நீ, தம்பி கல்யாணம் என்னால் நின்றுவிட்டதா அத்தா என்று கேட்டபடியே இருக்கிறாய். ஒன்றுமில்லை என்று போனில் சொன்னால் நீ நம்பவில்லை. நடந்ததை வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அன்று சிவகங்கையிலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். அன்வருக்குப் பேசியிருக்கும் இன்ஷாவின் அத்தா முஜிபுர் ரகுமான், அவளுடைய அம்மா, பிறகு ரகுமானின் அக்கா. அந்த அக்கா அதிகம் பேசமாட்டார், பார்ப்பார். வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டுவதுதானே முறை, நான் அலமாரியைக் காட்டினேன். டிவியைப் படுக்கையறைக்குத் தள்ளிவிட்டு அந்தச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி போட்டு, தட்டுக்கு ஒரு விளக்கு வைத்திருக்கிறேனே, அந்த விளக்கையெல்லாம் பட்டப்பகலில் போட்டேன். ஃபேனை மெதுவாக வைத்தேன், காற்றில் எதுவும் ஆடக்கூடாதாம். வந்தவர்கள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்க, நான் சிவப்பும் தங்கமும் கலந்த பெரிய தட்டில் ஆரம்பித்து, வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் பெண் முகம் தெரியும் டீ கோப்பை வரை ஒவ்வொன்றாக விளக்கினேன். உனக்குத் தெரியாதா, மலை வரைந்த தட்டைத் தலைகீழாக மாட்டி வைத்து அருவி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். ஆனாலும் விளக்கினேன்.

நடு அலமாரியில் நீலப் பூப்போட்ட அந்த ஒல்லிக் குப்பி. காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மாயக்கண்ணன், இது ஜப்பான் அரண்மனையில் பன்னீர் தெளிக்கிற குப்பி பாய் என்று சொல்லிக் கொடுத்தது. அதனோடு வந்த சின்னக் கிண்ணங்களில்தான் அன்று விருந்தாளிகளுக்கு நன்னாரி சர்பத் ஊற்றிக் கொடுத்தேன். அம்மா சில்வர் டம்ளர் எடுத்து வைத்திருந்தாள், நான்தான் கேட்கவில்லை. அப்போதும் சும்மா இருந்தேனா, என் மகள் ஜப்பானிலேயே இருக்கிறாள், அவளே சொல்லட்டும் என்று உன்னைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, கேமராவைக் குப்பிக்கு நேராகப் பிடித்தேன். பக்கத்தில் ஆள் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஐயோ அத்தா, அது சாராயம் ஊத்துற குப்பி, அந்தக் கிண்ணத்துலதான் ஊத்திக் குடிப்பாக என்றாய்.

நான் பதறிப்போய் போனைத் துண்டித்தேன், அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. ரகுமானின் கிண்ணம் உதட்டுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அவருடைய அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் வாய் கொப்பளித்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். பதற்றத்தில், நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் குடுத்தோம் என்று சொன்னேன். ஏதோ முந்தின நாள் ராத்திரி நாங்கள் குடித்துவிட்டுக் கழுவி வைத்த மாதிரி ஆகிவிட்டது. அன்வர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. சரி, உடைத்துவிடுவோம் என்று குப்பியை எடுத்தேன். சமோசாத் தட்டோடு வந்த அம்மா, வைங்க அதை, ஒடச்சா அள்ளுறது யாரு என்றாள்.

பிறகு அவர்கள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீக. இந்தக் குப்பி என்னத்துக்குன்னு இவுகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மகளை அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு, அந்த ஊருச் சாமான்னு எதைப் பாத்தாலும் வாங்கியாந்து அடுக்குறாக. கேட்டா கலைங்கிறாக. நானும் சரின்னு விட்டுட்டேன்."

சப்ரின், அம்மா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் எனக்குள் சொல்லிக்கொண்டதில்லை. ஊரில் யார் கேட்டாலும் இமாரி, சத்சுமா என்று வாயில் நுழையாத பீங்கான் பேரெல்லாம் சொல்லி நானே ஏமாந்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சர்பத் புரையேறிவிட்டது என்று சொன்னேன், என் கையில் கிண்ணமே இல்லை.

ரகுமான் அலமாரியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அப்புறம் கையிலிருந்த கிண்ணத்தை ஒரே மடக்கில் குடித்து முடித்து என்னிடம் நீட்டினார். "தங்கச்சி டம்ளர் வச்சிருக்காக போல, அதுல குடுங்க பாய். இது தொண்டை நனையக்கூடக் காணாது" என்றார். அம்மாதான் முதலில் சிரித்தாள். அக்கா மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை, சலாம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். அன்றும் மறுநாளும் அன்வர் என்னோடு பேசவில்லை, ஆனால் என் செருப்பை எடுத்து நிழலில் போட்டான், அதை வைத்துத்தான் கோபம் முழுசாக இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை போன் வந்தது. பேசியது அந்த அக்காதான். ஆண்டவன் நாட்டம், நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்றார். வீட்டார் தன்னை இப்படிக் கேலி பண்ண இடம் கொடுக்கிற மாமனார் வீட்டில் புள்ளைக்கு மூச்சு முட்டாது என்றாராம் தன் தம்பி ரகுமானிடம். இன்ஷா ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினாள், அந்தக் கண்ணாடி அலமாரியைத் துடைப்பது தன் வேலை இல்லை என்று முதலிலேயே பேசிவிட வேண்டுமாம். நான் உடனே ஒப்புக்கொண்டேன். கெட்டிக்காரப் பெண். உனக்கு நல்ல துணை.

ஆகவே உன்னால் எதுவும் நிற்கவில்லை, மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, கடையில் வாங்குவதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்து வாங்கு, பனியில் வழுக்காத செருப்பாகப் போடு. கம்பெனியில் இப்போதே லீவு சொல்லி வை, மதுரைக்கு வந்து நானே கூட்டிக்கொள்கிறேன். அல்லாஹ் உன் உடம்புக்கும் வேலைக்கும் பரக்கத் தரட்டும்.

கடைசியாக ஒன்று. நிக்காஹ் வீட்டில் நீ வாயைத் திறக்காமல் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வதாக அம்மாவிடம் சொன்னாயாமே. அப்படியெல்லாம் உட்காராதே. அத்தா எதையாவது தப்பாகச் சொன்னால், எத்தனை பேர் இருந்தாலும் முன்போலவே சிரித்துக்கொண்டு சொல். அந்தச் சிரிப்பை நேரில் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

துஆவுடன்,
உன் அத்தா
சாதிக் அலி